படகு, கிணறு, கடைக் கொப்பி: தீவுகளை எழுதுதல் குறித்துச் சில குறிப்புகள்

தீவுகளைப் பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் ஒரு படகில்தான் தொடங்குகின்றன. எழுதுகிறவர் கரையை விட்டுப் புறப்படுகிறார். அலை அடிக்கிறது, குமட்டுகிறது. பிறகு தூரத்தில் ஒரு கோடு. கோடு மெல்ல மரங்களாகிறது. மரங்களுக்கு நடுவே புகை. இறங்குதுறையில் நாலைந்து பேர் நின்று இவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த முந்நூறு பக்கங்களுக்கு இவர் அவர்களைப் பார்க்கப் போகிறார். அவர்கள் ஏன் அங்கே வந்து நின்றார்கள் என்பது மட்டும் எழுதப்படுவதில்லை. இவரைப் பார்க்கவா வந்தார்கள்? மண்ணெண்ணெய் வந்ததா, தபால் வந்ததா, போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போன கிழவி திரும்பி வந்தாளா என்று பார்க்க வந்தவர்கள் அவர்கள். எழுத்தாளர் அந்தச் சாமான்களுக்கு நடுவே வந்து இறங்கிய இன்னொரு சாமான், அவ்வளவுதான்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு மதிப்புரையில் ‘தொலைதூரத் தீவொன்றின் உழைப்பும் வாழ்வும்’ என்று நானே எழுதியிருக்கிறேன். எங்கிருந்து தொலைவு என்று அன்றைக்குத் தோன்றவில்லை. தமிழில் யாரோடும் ஒட்டாத மனுஷனைத் ‘தனித்தீவு’ என்கிறோம். நவீன கவிதையில் இந்தத் தனித்தீவுகளை எண்ணி மாளாது. இந்த உருவகத்தைக் கையாண்டவர்களில் எத்தனை பேர் ஒரு தீவில் ஒரு வாரம் தண்ணி இறைத்திருப்போம்?

2019 கோடையில், சென்னை முழுக்கத் தண்ணீர் வற்றிப்போன அந்த ஜூன் மாதத்தில், சேலையூரில் எங்கள் தெருமுனையில் லாரிக்காகக் குடங்களை வரிசையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்போம். ஏரி இருக்கிற ஊர். ஆனாலும் லாரித் தண்ணிதான். வரிசையில் எனக்கு முன்னால் எப்போதும் ஒரு அக்கா இருப்பார். புங்குடுதீவுக்காரர். 1990இல் படகேறி வந்து, மண்டபம் முகாமில் சில காலம் இருந்து, பிறகு தாம்பரம் பக்கம் வந்து தங்கிவிட்டவர். தீவு இலக்கியம் பற்றி நான் எழுதப்போவதாகச் சொல்லி, செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவலை அவரிடம் வாசிக்கக் கொடுத்திருந்தேன். நாலு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“நல்ல புத்தகம்தான் தம்பி. ஆனா இதில கடல் கனக்க இருக்கு. நாங்கள் கடலை அவ்வளவு பாக்கிறேல்லை. கிணத்தைத்தான் பாத்தனாங்கள்.”

கொஞ்சம் பொறுத்து, “இதில எங்கட அப்பா இல்லை” என்றார். அப்பா மீன்பிடிக்கிறவரா என்று கேட்டேன். சிரித்தார். “அப்பா கண்டியில கடையில நிண்டவர். வருசத்துக்கு ரெண்டுதரம் வருவார். பொங்கலுக்கு ஒருக்கா, கோயில் திருவிழாவுக்கு ஒருக்கா. மிச்ச நாளெல்லாம் அம்மாதான்.”

இந்த இரண்டு வாக்கியங்களும் என்னுடைய வாசிப்பைத் தலைகீழாகப் புரட்டிவிட்டன என்றால் மிகையில்லை.

‘வாடைக்காற்று’ 1973இல் வந்தது. 1978இல் இலங்கையில் திரைப்படமாகவும் எடுக்கப்பட்டது. செங்கை ஆழியான் (1941–2016) புவியியல் படித்தவர், அரசாங்க நிர்வாகத்தில் இருந்தவர். நெடுந்தீவைக் களமாகக் கொண்ட அந்த நாவலில் காலத்தை நடத்துவது நாட்காட்டி அல்ல, காற்று. வாடை பெயரும் பருவத்தில் வெளியூர்ச் சம்மாட்டிகள் ஆட்களோடு வந்து கரையில் வாடி அடிக்கிறார்கள். பருவம் முடிந்தால் போய்விடுவார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தீவுக்காரன் என்றாலே மீன்பிடிக்கிறவன் என்ற மேலோட்டமான சமன்பாட்டை இந்நாவல் ஏற்கவில்லை. கடலில் இறங்குகிறவனுக்கு அந்தத் தீவு ஊரல்ல, வேலைத்தளம். தீவின் ஊர்க்காரர்களுக்கோ பனையும் ஆடுமாடும் தோட்டமும்தான் வாழ்க்கை. இரண்டு சமூகங்கள் ஒரே மணலில் முட்டிக்கொள்வதை இவ்வளவு தெளிவாகப் பார்த்த தமிழ் நாவல்கள் குறைவு. ஒரு புவியியல்காரரின் கண் அது. அதேநேரம், புவியியல்காரரின் கண் என்பதாலேயே கரையோரத்தில் நடப்பதைக் காண்கிற அளவுக்கு அது வளவுக்குள் போவதில்லை. காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று அதற்குத் தெரியும். மணியோடர் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதில் அதற்கு அக்கறையில்லை.

அக்கா சொன்ன ‘அப்பா’ விஷயம் ஒரு தனிக்குடும்பக் கதை அல்ல. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி, குறிப்பாகப் புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, காரைநகர் ஆகியவை இலங்கை முழுக்கக் கடைக்காரர்களை அனுப்பிய ஊர்கள். கொழும்பிலிருந்து மலையகம்வரை தெருமுனையில் சைவச் சாப்பாட்டுக்கடையோ சில்லறைக்கடையோ போட்டவர்களில் தீவாரின் பங்கு பெரிது. குடிநீரும் வயலும் போதாத மண் ஆண்களை வெளியே தள்ளியது. 1958இலும் 1977இலும் 1983இலும் தெற்கில் கடைகள் எரிந்தபோது, நெருப்பு பட்டது தீவின் அடுப்புகளில்தான். இந்த மனிதர்களைத்தான் குடாநாட்டு யாழ்ப்பாணம் ‘தீவார்’, ‘தீவான்’ என்று இளக்காரமாகச் சொன்னது. “யாழ்ப்பாணத்தில படிக்கப் போனா, தீவார் வந்திட்டினம் எண்டுதான் சொல்லுவினம்” என்றார் அக்கா. வெளியுலகத்தோடு மிக அதிகமாகக் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்கள் ஒதுங்கிக் கிடப்பவர்கள் ஆனார்கள். வீட்டு வாசலைத் தாண்டாதவர்கள் மையம் ஆனார்கள். ‘தொலைவு’ என்பது கடல்மைல் கணக்கல்ல, ஒரு அதிகார உறவு என்பதற்கு இதைவிடத் துலக்கமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தங்கள் நகரங்களின் பெயரைச் சூட்டினார்கள்: காரைதீவு ஆம்ஸ்டர்டாம், வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். இவற்றில் டெல்ஃப்ட் மட்டும் ஆங்கிலக் காகிதங்களில் இன்னும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைசிப் படகில் போக வேண்டிய ஊருக்குக் கடைசிவரை அந்நியப் பெயர்!

தீவின் வேலையில் பாதி தீவுக்கு வெளியே நடக்கிறது என்பதை ஒத்துக்கொண்டால், தீவைப் பற்றிய மேற்கத்திய ‘செவ்வியல்’ நூல்கள் பலவும் ஆட்டம் காண்கின்றன. 1922இல் ஒரே வருஷத்தில் இரண்டு பெரிய தீவுப் புத்தகங்கள் வந்தன. ஒன்று மாலினோவ்ஸ்கியின் டிரோபிரியாண்டுத் தீவுகள் பற்றியது. மற்றது ராட்கிளிஃப்-பிரவுனின் ‘அந்தமான் தீவினர்’. பின்னவர் கள ஆய்வு செய்தது 1906–1908இல். 1858இல் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றம் வந்து ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. நோய்களால் பெரிய அந்தமான் மக்கள் பெருமளவு அழிந்துவிட்டார்கள். புத்தகத்தின் பிரதான சொல்லாடலோ சடங்கு, தொன்மம், சமூக ஒழுங்கு என்று எல்லாம் கலையாத ஒரு காலத்தில் நிற்கிறது. அழிவு அவருக்குத் தெரியும், சொல்லவும் செய்கிறார். ஆனால் அது ஆய்வுக்கு இடைஞ்சலாகத்தான் வருகிறது, ஆய்வுப் பொருளாக அல்ல. மானுடவியல் தன் மற்றமையைத் தன் காலத்துக்கு வெளியே நிறுத்திவைக்கிறது என்று யொஹானஸ் ஃபேபியன் 1983இல் வைத்த விமர்சனத்துக்குத் தீவைவிட வசதியான இடம் உண்டா? சுற்றிலும் தண்ணீர், காலம் உள்ளே வராது என்று நம்பிவிடலாம்.

சினிமா இதை இன்னும் துணிச்சலாகச் செய்தது. ஃபிளாஹர்ட்டி 1934இல் அயர்லாந்தின் ஆரன் தீவுகளில் எடுத்த படத்தில் ராட்சசச் சுறாவை வேட்டையாடுகிறார்கள். அந்த வேட்டை அங்கே நின்றுபோய்ப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. படத்துக்காக அந்த ஆட்களுக்கே அது கற்றுக்கொடுக்கப்பட்டது. காட்டப்பட்ட குடும்பமும் அங்கங்கே பொறுக்கிச் சேர்த்த குடும்பம். நிலவுடைமை பற்றி மூச்சில்லை. உழைப்பைக் காட்டுகிறோம் என்ற பெயரில் இல்லாத உழைப்பு காட்டப்பட்டது. நம்ம ஊரில் 1978இல் ‘அந்தமான் காதலி’ எடுத்தவர்களைக் கேலி செய்வது சுலபம். அவர்கள் ஒன்றும் ஆவணப்படம் என்று சொல்லிக்கொள்ளவில்லையே.

ஆனால் அதே அயர்லாந்தில், பிளாஸ்கெட் என்ற சின்னத் தீவில், வேறொன்று நடந்தது. சொந்தத் தீவுக்காரர்களே எழுத ஆரம்பித்தார்கள். தோமாஸ் ஓ கிரிஹின் என்ற மீனவரின் ‘தீவுக்காரன்’ 1929இலும், மோரிஸ் ஓ சல்லிவனின் நினைவுநூல் 1933இலும், பெக் சேயர்ஸின் வாழ்க்கைக்கதை 1936இலும் வெளிவந்தன. ‘தீவுக்கார’னின் ஆங்கில மொழிபெயர்ப்பை நான் படித்தது மாணவப் பருவத்தில்; அன்றைக்கு அதில் ஈர்த்தது புயலும் கப்பல் சிதைவும். சமீபத்தில் திரும்பப் படித்தபோது கண்ணில் படுவது வேறு. கரைக்கு ஒதுங்கிய மரக்கட்டை யாருக்கு என்கிற தகராறு, எரிப்பதற்குக் கரிமண் வெட்டுகிற நாள்கள், வரி வசூலிக்க வருகிறவனைக் கண்டு படகை ஒளிப்பது, பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சாவது. எல்லாம் ஒரே குரலில், ஒரே உயரத்தில் சொல்லப்படுகின்றன. அழகியல் என்று நாம் பழகியிருக்கிற ஏற்ற இறக்கம் அதில் கிடையாது.

தோமாஸ் தானாகவே பேனாவை எடுத்துவிடவில்லை. ஐரிஷ் மொழி கற்க வந்த படித்தவர்கள் தூண்டினார்கள். அவர்களில் ஒருவர் கார்க்கியையும் பியேர் லோத்தியையும் வாசித்துக் காட்டி, இப்படி நீயும் எழுதலாமே என்று சொல்லியிருக்கிறார். கார்க்கி வோல்காக்கரையிலிருந்து அட்லாண்டிக் தீவுக்குப் போன இந்தப் பாதை நமக்குப் பரிச்சயமானதுதான். தமிழில் எத்தனை பேருடைய முதல் பக்கத்துக்குப் பின்னால் ‘தாய்’ இருந்தது! பெக் எழுதவே இல்லை. சொன்னார், மகன் எழுதினார். அவர் பிறந்ததும் அந்தத் தீவில் அல்ல, வாழ்க்கைப்பட்டு வந்தவர். பிற்பாடு அந்தப் புத்தகம் பள்ளிக்கூடப் பாடமாக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதை வெறுத்தார்கள். 1941இலேயே ஃபிளான் ஓ பிரையன் இந்த வகைமையை நையாண்டி செய்து ஒரு நாவல் எழுதிவிட்டார். தேசியத்துக்கு ஒரு தூய ஏழை தேவைப்பட்டான்; தீவுக்காரனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். தீவுக்காரர்களோ அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1953இல் தீவே காலி செய்யப்பட்டது. தூய மொழியின் உறைவிடம் என்று கொண்டாடிய அரசால் அங்கே ஒரு ஒழுங்கான இறங்குதுறை கட்டித்தர முடியவில்லை.

ஆக, உள்ளிருந்து எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வருகிறேனா? அப்படித்தான் சொல்ல இருந்தேன். லாரி வராத இன்னொரு நாள் அக்காவிடம் கிணற்றைப் பற்றி விரிவாகக் கேட்டேன். எந்த மாதத்தில் உவர்க்கும், எத்தனை வாளி, யார் இறைப்பது. விவரமாகச் சொன்னார். அப்புறம் போகிறபோக்கில்: “எங்கட வளவில நல்ல தண்ணி. அதுக்கு அவையளும் வருவினம். அவையள் அள்ளேலாது. நாங்கள் அள்ளி ஊத்துவம். அம்மா ஏலாட்டி நான் ஊத்துவன்.”

‘அவையள்’ யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. கடலைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு நடுவிலும் கிணற்றைத் தொட்டுப் பார்க்கக் கூடாதவர்கள் இருந்தார்கள். ‘நாங்கள் கிணத்தைத்தான் பாத்தனாங்கள்’ என்ற அந்த வாக்கியத்தில் உள்ள ‘நாங்கள்’ எவ்வளவு அகலம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதல்ல என் நோக்கம். அவர் சொன்னதால்தான் எனக்குத் தெரிந்தது. ‘உள்ளே’ என்பதற்குள்ளும் ஒரு வாசல் இருக்கிறது. அதற்கு வெளியே குடத்தோடு ஆள் நிற்கிறார்.

அதே புங்குடுதீவில் இந்த வாசலை மறித்து உட்கார்ந்த ஒரு எழுத்தாளர் இருந்தார். மு. தளையசிங்கம் (1935–1973). 1971இல் ஊர்க் கோயில் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் தண்ணீர் அள்ளும் உரிமைக்காக அவர் சத்தியாக்கிரகம் செய்தார், கைதானார், போலீசால் தாக்கப்பட்டார். இரண்டு வருஷத்தில் இறந்துபோனார். தமிழகத்தில் சிறுபத்திரிகைக்காரர்கள் அவரைக் கண்டுகொண்டது எண்பதுகளில். ‘போர்ப்பறை’, ‘மெய்யுள்’, ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’ எல்லாம் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டன. பிரபஞ்ச யதார்த்தம் பற்றியும் பூரண இலக்கியம் பற்றியும் நாம் பேசிய பேச்சு கொஞ்சமல்ல. மார்க்சியத்தைத் தாண்டினாரா, மதத்துக்குள் விழுந்தாரா என்று இரண்டு கட்சி கட்டினோம். இந்த ஆரவாரத்தில் கிணறு வாழ்க்கைக்குறிப்பின் கடைசிப் பத்திக்குப் போய்விட்டது. அவரைத் தத்துவவாதியாக்க அவருடைய தீவை நாம் அழிக்க வேண்டியிருந்தது போலும். குடிநீர் அருகிய ஒரு நிலத்தில் சாதி என்பது வாளியின் கயிற்றில் தொங்குகிறது. அங்கிருந்து கிளம்பிய ஒரு ஆள் முழுமை, பூரணம் என்ற வார்த்தைகளைத் திரும்பத் திரும்ப ஏன் சொன்னார் என்பதை அந்தக் கயிற்றிலிருந்து வாசித்துப் பார்த்திருக்கலாம். நானும் இதைச் செய்யவில்லை.

ஆனால் தளையசிங்கமே கூட அந்தக் கிணற்றடியின் அன்றாடத்தை விரித்து எழுதவில்லை என்பது என் குறை. அவருக்கு அவசரம். யுகம் பிறந்துகொண்டிருந்தது.

1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட ‘குமுதினி’ படகு நடுக்கடலில் நிறுத்தப்பட்டு, பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வந்தவர்கள் கடற்படையினர் என்றார்கள் தப்பியவர்கள். குறைந்தது 23 பேர் என்று பதிவு. ஊரார் கணக்கு அதைவிட அதிகம். தினசரி ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் சந்தைக்கும் போகிற ஆட்கள் அவர்கள். இதற்குப் பிறகு ஒரு தீவு நூலின் முதல் அத்தியாயத்தில் படகுப் பயணத்தை ரசனையோடு எழுத முடியுமா? எழுதத்தான் செய்கிறார்கள். 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதிக்குள் இறங்கியது. மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் காணாமற்போனார்கள். ஜனங்கள் தீவுகளைவிட்டு வெளியேறினார்கள்.

அல்லைப்பிட்டியிலிருந்து போன ஷோபாசக்தி 2001இல் ‘கொரில்லா’வை வெளியிட்டார். அது ஒரு அகதி விண்ணப்பத்தோடு தொடங்குகிறது. முன்பு தீவுக்காரனின் வாழ்க்கையைக் கேட்டுக் குறித்துக்கொண்டவர் மானுடவியலாளர். இப்போது குறித்துக்கொள்பவர் புகலிட அதிகாரி. பிறந்த ஊர் எது, அது யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது, எந்தத் தேதியில் வெளியேறினாய்? அந்தப் படிவத்தின் மொழியையே எடுத்துத் திருகி, அதற்குள் அடங்காத குஞ்சன்வயல் என்ற ஊரை, அப்பனின் முரட்டுத்தனத்தை, வறுமையை, இயக்கத்துக்கு ஓடிய பையனைக் கொண்டுவந்து கொட்டுகிறது நாவல். அங்கே இயற்கை வர்ணனை இல்லை. தீவு அழகாக இருக்கிறதா என்று கேட்கிற வாசகர் முதல் பத்துப் பக்கத்திலேயே வெளியேற்றப்படுகிறார். தமிழில் தீவு வாழ்க்கை பற்றி எழுதப்பட்டவற்றுள் இதையே நான் முதலில் வைப்பேன். செங்கை ஆழியானை அடுத்தபடியாக. வரிசை போடுவது பிடிக்காத நண்பர்கள் மன்னிக்கவும்.

இந்தப் பக்கம், தமிழ்நாட்டில்? 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. அதைப் பற்றிய எழுத்து எல்லாம் ‘பேய் நகரம்’ என்ற சொல்லில் கிறங்கிப்போய் நிற்கிறது. 2017இல் அரிச்சல்முனைவரை சாலை திறந்துவிட்டார்கள். இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். அங்கேயே குடிசை போட்டுக் கரைவலை இழுக்கிறவர்களும் சங்கு விற்கிற பெண்களும் படத்தின் ஓரத்தில் தெரிகிறார்கள். பேய்கள் என்று நினைத்துவிட்டோமோ என்னவோ. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனபின், பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்களிலிருந்து பாசி எடுக்கப் போகும் பெண்கள் அத்துமீறி நுழைபவர்கள் ஆகிவிட்டார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறையைத் துழாவும் அந்த வேலைக்கு ஒரு நாவல் நான் படித்ததில்லை. நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்துக்குக் கொண்டுபோய் இறக்கப்பட்ட இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள், 2004 சுனாமி, இவை குறித்தும் அப்படியே. ராஜம் கிருஷ்ணன் உப்பளத்துக்கும் மீனவர் கரைக்கும் போய் உட்கார்ந்து கேட்டு ‘கரிப்பு மணிகள்’, ‘அலைவாய்க் கரையில்’ எழுதியபோது அதைத் ‘தகவல் நாவல்’ என்று ஒதுக்கியவர்கள் நம்மில் உண்டு. தகவலாவது இருந்ததே.

பசிபிக் தீவுகளிலிருந்து எழுதிய எபெலி ஹௌஓஃபா 1993இல் ஒரு கட்டுரையில் இதை மிக எளிமையாகச் சொன்னார். கண்டத்தில் நிற்கிறவனுக்குத் தீவுகள் பரந்த கடலில் தொலைந்துபோன புள்ளிகள். தீவில் பிறந்தவனுக்குக் கடலும் சேர்ந்ததுதான் அவனுடைய நாடு, அதில் போக்கும் வரத்தும் உறவும் எப்போதும் உண்டு. அவர் வார்த்தையில் கொஞ்சம் மிதமிஞ்சிய உற்சாகம் இருக்கிறது. போகிற கப்பலுக்கு டிக்கெட் யார் எடுப்பது என்ற கேள்வி அதில் அமுங்கிவிடுகிறது. இருந்தாலும் அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்குக் கண்டிக் கடையில் நின்ற அந்த அப்பா நினைவுக்கு வந்தார்.

அந்த அப்பாவுடைய கணக்குக் கொப்பி ஒன்று அக்காவிடம் இருக்கிறது. 1977இல் கடை போனபோது அவர் கையோடு கொண்டுவந்தது. 1990இல் அக்கா படகில் ஏறும்போது நகைப்பொட்டலத்தோடு சேர்த்துச் சுற்றி எடுத்துவந்திருக்கிறார். போன மழைக்காலத்தில் எனக்குக் காட்டினார். ஊருக்கு அனுப்பியவை ஒரு பக்கம்: சவர்க்காரம் இத்தனை, சீனி இத்தனை, தேயிலை, ஒரு கிணற்று வாளி, கயிறு. எதிர்ப்பக்கம் ஊரில் யார் யார் எவ்வளவு கடன் என்று பெயரோடு. சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஊர்ப்பெயர் இல்லை, சாதிப்பெயர் மட்டும். நான் இதுவரை படித்த எந்தத் தீவுப் புத்தகத்திலும் ஒரு தீவை இவ்வளவு முழுசாகப் பார்த்ததில்லை. அப்படியே இந்த இதழில் அச்சிடலாம் அக்கா, நான் முன்னுரை எழுதுகிறேன் என்றேன். விமர்சகனின் கை அப்படித்தான் நீளும்.

அக்கா கொப்பியை மூடி மறுபடியும் துணியில் சுற்றினார்.

“வேண்டாம் தம்பி. கடன் வாங்கினவையின்ர பிள்ளையள் இப்ப கனடாவில இருக்குதுகள்.”